டீ மேசைக் கல்வம்

இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் போய் அறிவுரை கேட்பது ஆபத்தான காரியம். கேட்டவர்கள் அனுபவிக்கட்டும்.

உங்கள் டீ மேசையில், கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்வம் இருக்கும். அடியைச் சுற்றித் தாமரை இதழ் செதுக்கியது. இஞ்சியும் ஏலக்காயும் தட்ட அதைத்தான் எடுப்பீர்கள். விளையாட்டுக்குக்கூட அதை லேப் கதவைத் தாண்டிக் கொண்டுபோனால் சுகந்தி மேடம் முறைப்பார். மேடத்துக்கு ஏதோ மூடநம்பிக்கை என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மூடநம்பிக்கை இல்லை தம்பி. அந்தக் கல்வம் என்னை ஒரு பேரறிஞன் ஆக்கியது. ஒன்பது மாதம் அந்தப் பதவியில் இருந்தேன்.

அப்போது சுகந்தி என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மயிலாடிக்காரி. அப்பா கற்சிற்பி. நாங்கள் இருவரும் மேய்த்துக்கொண்டிருந்தது ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் என்ற ஆக்சைடை. பார்ப்பதற்கு அடுப்புக்கரி. பெரும்பாலான ஆக்சைடுகள் மின்சாரத்தை விடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். இது உலோகம்போல ஒழுங்காகக் கடத்தும். போதாததற்கு, நன்றாகக் குளிரவைத்தால் இரும்பைப்போலக் காந்தமாகவும் ஆகும். நன்றாக என்றால் நூற்றறுபது கெல்வின், பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுப் பதின்மூன்று டிகிரி. மார்கழியில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது என் சொந்தப் புத்தி.

அவ்வளவு குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் கிடைத்தது. காளை விந்தை அதில்தான் பத்திரமாக வைத்திருப்பார்கள். எங்கள் ஆராய்ச்சியும் நாஞ்சில்நாட்டுப் பசுக்களின் குடும்ப வாழ்க்கையும் ஒரே தொட்டியை நம்பி நடந்தன. பசுக்களுக்கே முன்னுரிமை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவற்றின் வேலையிலாவது பலன் உண்டு.

ஒரு ஆக்சைடின் குணத்தை அறிய மூன்று வழியில் அதை விசாரித்தோம். மின்சாரத்தை எப்படி விடுகிறது, சூட்டை எப்படி வாங்குகிறது, காந்தத்துக்கு எப்படி மசிகிறது. நூற்றறுபது கெல்வினில் மின்தடைக் கோடு சற்று மடங்க வேண்டும். வெப்பக் கோட்டில் ஒரு சின்ன மேடு வர வேண்டும். குளிரிலிருந்து சூடேற்றிக்கொண்டு வந்தால் காந்தம் அங்கே செத்துப்போக வேண்டும். மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. முதல் இரண்டுக்கும், மாத்திரைபோல அழுத்திச் சுட்டு எடுத்த வில்லையிலிருந்து ஒரு துண்டு போதும். காந்த அளவைக்கு மட்டும் வில்லையைப் பொடித்து ஒரு குப்பியில் அடைத்து, வேறொரு ஊரிலிருந்த பெரிய ஆய்வு நிலையத்துக்கு அனுப்புவோம். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பொடிப்பதற்கு எங்களிடம் ஒரு அகேட் கல்வம் இருந்தது. அழுக்கு ஒட்டாத, தேயாத கல். அதைக் கீழே போட்டு உடைத்தவன் நான். புதிதாக வாங்க எழுதிப் போட்ட கோப்பு அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தீர்த்தயாத்திரை போய்க்கொண்டிருந்தது. சுட்ட வில்லைகள் எல்லாம் தயாராக இருந்தன. பொடிக்க வழியில்லை.

சுகந்திதான் சொன்னாள். "சார், எங்க அப்பாட்ட சொன்னா கல்லுல ஒண்ணு செஞ்சு தருவாவ. நல்ல கல்லா பாத்து எடுப்பாவ."

உடைத்தவன் நான் என்பதால் மறுத்துப் பேச வாயில்லை. பத்து நாளில் கல்வம் வந்தது. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மெருகு. அடியில் தாமரை. குழவியின் தலையில் ஒரு மொட்டு. லேபில் இருந்த எல்லாக் கருவிகளையும்விட அதுதான் லட்சணமாக இருந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன்.

அதில் பொடித்த முதல் மாதிரியின் காந்தக் கோடு வந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நூற்றறுபதில் காந்தம் மளமளவென்று இறங்கியது, ஆனால் சாகவில்லை. கொஞ்சம் மிச்சம் நின்றது. அறை வெப்பத்திலும் நின்றது. அறை வெப்பத்தில் காந்தமாக இருக்கும் ருத்தேனேட்! மற்ற இரண்டு சாட்சிகளும் வழக்கம்போல நூற்றறுபதோடு கதையை முடித்திருந்தன. அதற்கென்ன, சாட்சிகளில் எவன் நம்மைப் புகழ்கிறானோ அவனைத்தானே நம்புவோம்.

காரணமும் உடனே கண்டுபிடித்தேன். எனக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. வில்லையில் இல்லாதது பொடியில் இருக்கிறதென்றால், பொடித்ததால் வந்த குணம் அது. துகள் சிறிதாக ஆக அதன் மேற்பரப்பு கூடுகிறது, மேற்பரப்பில் புதிய காந்தம் பிறக்கிறது. இதை நான்கு பக்கத்துக்குக் கணக்கோடு எழுதினேன். இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

சில வாரம் கழித்துச் சுகந்தி, "கல்வம் வழுக்குது சார், அரையமாட்டேங்குது" என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அப்பா சரிசெய்து கொடுத்தார். அடுத்த மாதிரி இன்னும் நைசாக அரைபட்டது. காந்த மிச்சம் இரண்டு மடங்கு ஆனது. பாருங்கள், நைசாக அரைத்தால் காந்தம் கூடும் என்று நான் சொன்னேனா இல்லையா? அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டது. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் முகம் தண்ணீர்த் தொட்டி அளவுக்கும் சுகந்தியின் முகம் தீப்பெட்டி அளவுக்கும் இருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் 'குமரி பேராசிரியர் கண்டுபிடித்த அதிசயக் காந்தம்' என்று போட்டார்கள். அதற்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

சுகந்திக்குக் கிடைத்ததுதான் பெரிது. ஜப்பானில் இருக்கும் ஒரு ஆய்வகம் அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, இரண்டு வருட ஆய்வுப் பணிக்கு வரச் சொல்லி எழுதியது. ஒரே நிபந்தனை, குறிப்பிட்ட மாதத்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தக் காந்தம்தான். அவர்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் போனவை எல்லாம் சாமி சிலைகள். ஆளாகப் போகப்போவது தன் மகள்தான் என்று அவள் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது சுகந்தி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பொட்டலம், ஒரு காந்தம்.

"சார், ஒரு காரியம் காட்டணும்."

பொட்டலத்தைப் பிரித்துத் தாளில் கொட்டினாள். வெள்ளைப் பொடி.

"என்ன இது?"

"கல்லுப்பு சார். நம்ம கல்வத்துல போட்டு ஒரு மணிக்கூறு அரைச்சேன்."

காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து மெல்ல இழுத்தாள். வெள்ளை உப்புக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் பிரிந்து, காந்தம் போன பக்கமெல்லாம் எறும்புச் சாரிபோல நகர்ந்தன. உப்பில் காந்தம் கிடையாது என்பதை அறிய முனைவர் பட்டம் வேண்டாம். நான்கு பக்கக் கணக்கும் ஃபிளெக்ஸும் தலைப்புச் செய்தியும் அந்தப் புள்ளிகளோடு சேர்ந்து நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படித் தோணிச்சு?" என்றேன்.

"கேள்வி கேப்பாவளேன்னு ஒண்ணொண்ணா யோசிச்சேன் சார். கல்வம் மாறினதுக்கு அப்புறந்தான் இது எல்லாம் வந்திருக்கு."

பிள்ளைகளே, இதுவரை சொன்னது எல்லாம் அறியாமல் செய்த தவறு. அதற்கு மன்னிப்பு உண்டு, சிரிப்பும் உண்டு. அடுத்து நான் செய்தது அறிந்தே செய்தது. அதை இத்தனை வருடமாக எந்த மேடையிலும் சொல்லாமல் தாண்டி வந்திருக்கிறேன்.

கதவைச் சாத்தினேன். "நீ இப்போ ஒண்ணும் பேசாண்டாம். வைவா முடியட்டும். நீ ஜப்பானுக்குப் போய்ச் சேரு. அப்புறம் நானே ஆற அமர ஒரு திருத்தம் எழுதி அனுப்பிக்கிடுதேன்" என்றேன். அவளுக்காகச் சொல்வதுபோலத்தான் குரலை வைத்துக்கொண்டேன். அவளுக்காகவும்தான். ஆனால் என் கண்முன்னால் நின்றது வாசல் ஃபிளெக்ஸில் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு இருந்த என் முகம்.

சுகந்தி தாளை மடித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் லேப் வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் அப்பா. முழங்கைவரை கல்தூசி, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த கோலம். கையில் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. பின்னாலேயே பேருந்தைப் பிடித்து ஓடிவந்த சுகந்தி மூச்சு வாங்க நின்றாள்.

"சாரே, எனக்க கல்லுல இரும்பு இருக்குன்னு ஆரு சொன்னது?"

"அப்பா, நான் அப்படிச் சொல்லேல்ல. இருக்குமான்னுதான் கேட்டேன்."

"அதுதான் கேக்கேன். கேக்கத் தோணினது எப்படி? முப்பது வருசமா கல்லு பாக்கேன் சாரே. இரும்பு ஓடின கல்லுல சிலை வச்சா, ரெண்டு மழையில துருப்பிடிச்சு செவப்பா ஒழுகும். நான் தட்டிப் பாத்து, நனைச்சு வச்சுப் பாத்து எடுத்த கல்லு இது. நாளைக்கு ஊருல எனக்க கல்லு சொத்தைன்னு பேசமாட்டாவளா?"

அவருக்கு ருத்தேனேட் தெரியாது, ஐந்தாம் அத்தியாயம் தெரியாது. தன் கல்லின் மானத்தைக் காப்பாற்ற வந்திருந்தார். சாக்கைப் பிரித்தார். கல்வம் எடுத்த அதே பாறையின் மீதித் துண்டு. "இது அதுக்க கூடப்பொறந்தது. உங்க காந்தத்த எடுங்க, சோதிச்சிரலாம்" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே பாறையிலிருந்து இன்னொரு துண்டு. அதாவது நான் ஒன்பது மாதத்துக்கு முன்பு செய்திருக்க வேண்டியதை மனிதர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒரு பேராசிரியருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வாய்ப்பது கடினம்.

உடைப்பதற்கு இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தார். "சுத்தியலும் இரும்புதாம்ப்பா" என்றாள் சுகந்தி. அவர் சற்று யோசித்து அதைக் கீழே வைத்தார். துண்டைத் தூக்கி வெளியே கிடந்த இன்னொரு பாறையில் ஓங்கி அடித்தார். சிதறியதில் உட்புறச் சில்லுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று தேய்த்துத் தாளில் பொடி உதிர்த்தார். சுகந்தி அடியில் காந்தத்தை இழுத்தாள். ஒரு துகள்கூட அசையவில்லை.

"பாத்தியளா?" அவர் முகத்தில் வெற்றி. "எனக்க கல்லு சுத்தம்."

"அப்போ இது எங்கேருந்து வந்துதுப்பா?" சுகந்தி கல்வத்தின் குழிக்குள் ஈர்க்குச்சியால் சுரண்டித் தாளில் தட்டினாள். காந்தம் இழுத்ததும் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு கல்வத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, குழிக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"கொத்திவிட்டது" என்றார்.

"என்னது?"

"உள்ளயும் மெருகு போட்டா அரையாது சாரே. வழுக்கும். அம்மியக் கொத்துகது மாதிரி உளியால குழி முச்சூடும் பொடிசாக் கொத்திவிட்டேன். மகள் வழுக்குதுன்னு சொன்னப்போ மறுபடியும் கொத்தினேன். நல்லா நெருக்கமாக் கொத்தினேன்." தன் இடுப்பிலிருந்த உளியை எடுத்துப் பார்த்தார். "உளி தெனமும் தேயும். வாரத்துக்கு ஒருக்கா பட்டறையில குடுத்து முனை எடுக்கணும். தேஞ்சதெல்லாம் எங்க போவும்? கல்லுலதானே கெடக்கும்."

முதல் முறை கொத்தியதும் காந்தம் வந்தது. இரண்டாம் முறை கொத்தியதும் இரண்டு மடங்கானது. மேற்பரப்புக் காந்தம் என்று உலகத்துக்கு நான் அறிவித்தது மயிலாடி உளியின் முனை. அந்த இரும்பு ருத்தேனேட்டோடு அடுப்பில் வெந்திருந்தால்கூட ஏதோ கலவை என்று தப்பித்திருக்கலாம். வெந்து முடிந்த வில்லையைப் பொடிக்கும்போது கலந்தது, சோற்றில் கல் கிடப்பதுபோல அப்படியே கிடந்தது. மின்தடையும் வெப்பமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவை இரண்டும் கல்வத்தின் பக்கம் போகவே இல்லை.

"இதுனால மகளுக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார்.

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததும் அவருக்குப் புரிய ஆரம்பித்தது. "ஜப்பான்?" என்றார்.

"அந்தக் கட்டுரையப் பாத்துத்தாம்ப்பா கூப்பிட்டாவ."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "கொஞ்சம் மெருகோடயே விட்டிருக்கலாம். அரையாமப் போனா போவட்டும்னு விட்டிருக்கலாம் மக்கா" என்றார். வந்தபோது அறை முழுக்க முழங்கிய குரல் அது. மெருகாக விட்டிருக்க வேண்டியவர் அவர் இல்லை. கல்வம் எதற்கு என்று அவருக்கு விளக்கியிருக்க வேண்டியவன் நான். முதல் நாளே ஒரு பிடி உப்பை அரைத்துப் பார்த்திருக்க வேண்டியவனும் நான். அவர் செய்தது நல்ல வேலை, அம்மிக்கு.

சுகந்தி கணினி முன் உட்கார்ந்தாள். இரண்டு மின்னஞ்சல்கள் எழுதினாள். ஒன்று ஆய்விதழுக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. இன்னொன்று ஜப்பானுக்கு, நீங்கள் என்னை அழைத்ததற்குக் காரணமான முடிவு தவறு என்று. இரண்டிலும் காரணத்தை ஒளிக்காமல் எழுதினாள்: கல்வத்தில் உளியின் இரும்பு. உளி யாருடையது என்பதை மட்டும் எழுதவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அனுப்பட்டா சார்?"

கட்டுரையில் என் பெயரும் இருந்ததால் கேட்டாள். மூன்று நாளைக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு பேசிய எனக்கு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதரின் எதிரில் வாய் எழவில்லை. தலையை ஆட்டினேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, பணி அந்தப் பொருளுக்காகவே ஒதுக்கப்பட்டது, ஆகவே வருந்துகிறோம். இந்தக் கதையைக் கேட்கும் எல்லோரும் இந்த இடத்தில், நேர்மையைப் பாராட்டி அவளைக் கூப்பிட்டிருப்பார்களே என்பார்கள். கூப்பிடவில்லை. வாய்மொழித் தேர்வு தள்ளிப்போனது. ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்து, வில்லைகளை வேறு ஊரில் அகேட்டில் பொடித்து, எல்லாவற்றையும் புதிதாக அளந்து எழுதப் பாதி வருடம் போனது. இம்முறை காந்தம் நூற்றறுபதில் ஒழுங்காகச் செத்தது. மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னார்கள். உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த கதை.

ஃபிளெக்ஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கழற்றினார்கள். சில மாதம் கழித்து அஞ்சுகிராமம் போகும் வழியில் ஒரு தொழுவத்துக் கூரையில் என் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தேன். கீழே இரண்டு பசுக்கள் நின்றன. நைட்ரஜனைப் பங்குபோட்ட உறவு, மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்ததில் எனக்குத் திருப்திதான்.

இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. முடிவுகள் முரண்பட்டால் எந்த மாதிரி எவர் கை வழியாக, எந்தப் பாத்திரத்தின் வழியாக வந்தது என்று முதலில் கேளுங்கள். கணக்கை அப்புறம் போடுங்கள். உள்ளே வரும் பொடிகளைச் சோதிக்க லேப் கதவருகே நூலில் தொங்கும் காந்தத்தைக் கண்டு இனிமேல் சிரிக்காதீர்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினால், எழுந்து கதவைத் திறந்துவிடுங்கள்.

இதை எழுதி முடித்ததும், விவரம் சரியா என்று பார்க்கச் சுகந்திக்கு அனுப்பினேன். கதவைச் சாத்திய பகுதியைப் படித்துவிட்டு என்ன சொல்வாளோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். போன் வந்தது. உளி வாரத்துக்கு ஒரு முறை இல்லை, இரண்டு முறை பட்டறைக்குப் போகும் என்று அப்பா திருத்தச் சொன்னாராம். மேலே ஒரு முறை என்றே விடுகிறேன், அன்று அவர் சொன்னது அதுதான்.

"வேற ஒண்ணும் இல்லியா?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "நீங்க வைவா முடியட்டும்னு சொன்னப்போ, நான் சரின்னும் சொல்லேல்ல, மாட்டேன்னும் சொல்லேல்லன்னு எழுதியிருக்கிய. அது நீங்க எனக்காக எழுதினது சார். வீட்டுக்குப் போவும்போதே நான் சரின்னு முடிவு பண்ணிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு போட்டோகூட எடுத்தேன். மனசு கேக்காம அப்பாட்ட சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், கல்லுல இரும்பு இருக்குமாப்பான்னு. அவ்வளவுதான். அப்பா சண்டைக்கு வரலன்னா நான் போயிருப்பேன்."

மேசையிலிருந்த பிரதியை எடுத்து அந்த வரியைத் தேடினேன்.

"அதையும் சேத்துப் போடுங்க சார். பிள்ளையள் என்னைப் பத்தி வேற என்னமோ நெனைச்சிட்டு இருக்கு" என்றாள்.

சேர்த்துவிட்டேன்.